பலா மரத்துக்கு நின்ற ஜாமீன்

கீழ்வேளூருக்குத் தெற்கே இருக்கும் இந்த ஊருக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது என் சீரில் ஒரு பித்தளைக் குடமும் இரண்டு சேலைகளும் ஒரு பலாப்பழமும் இருந்தன. குடத்தை மாமியார் எடுத்து வைத்துக்கொண்டார். சேலைகளில் நல்லதை நாத்தனார் எடுத்துக்கொண்டாள். பழத்தைத் தெருவே கூடித் தின்றது. எனக்கு மிஞ்சியது கொட்டை. அதையும் சுட்டுத் தின்னலாம் என்று கேட்டார்கள். நான்கு கொட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டு, தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். புகுந்த வீட்டில் நான் சொன்ன முதல் வார்த்தையே மாட்டேன் என்பதுதான் என்று என் மாமியார் கடைசி வரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அது முழுப் பொய் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

என் பிறந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். செம்மண். அங்கே பலாவை யாரும் வளர்ப்பதில்லை, அது தானாக வளரும். தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பினால் போதும், ஐந்தாறு வருஷத்தில் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருக்கும். இங்கே எங்கு பார்த்தாலும் வயல், வாய்க்கால், களிமண். ஐப்பசி வந்தால் வீட்டைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். பலாவுக்கு வேரில் தண்ணீர் நிற்பது ஆகவே ஆகாது.

"களிமண்ணுல பலா வருமாடி? முளைச்சாலும் வேர் அழுகிப் போயிரும்" என்றார் மாமியார்.

"வந்தா உங்களுக்குச் சுளை கெடையாது அத்தை" என்றேன்.

வந்து மூன்று நாள் ஆகவில்லை, அதற்குள் மருமகள் பேசுகிற பேச்சா இது என்று கேட்டார். இன்னும் ஒரு நாள் பொறுத்துப் பார்க்க எனக்கும் ஆசைதான், முடியவில்லை என்றேன்.

மண்ணைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. எங்கள் தெருவில் ஏழு வீடுகள். வாய்க்கால் கரையை ஒட்டிய ஒரு மேட்டில் வரிசையாக இருக்கும். வீடு எங்களுடையது, நாங்களே மண் குழைத்து, கீற்று வேய்ந்து கட்டியது. வீடு நிற்கும் மண் மிராசுதாருடையது. அவர் வயலில் நட, களை பறிக்க, அறுக்க நாங்கள் வேண்டும். அதனால் அவர் மேட்டில் இருந்துகொள்ளலாம். ஆனால் ஒரு கட்டளை. கொல்லையில் முருங்கை வைக்கலாம், வாழை வைக்கலாம், பூசணிக்கொடி ஏற்றலாம். மா, பலா, தென்னை வைக்கக்கூடாது. முருங்கை ஒரு காற்றுக்கு விழுந்துவிடும். வாழை ஒரு தார் போட்டதும் போய்விடும். நின்று காய்க்கிற மரத்தை வைத்தவன் தானும் அங்கேயே நின்றுவிடுவான் என்று மிராசுதாரின் பெரிய வீட்டில் பயம். இதை என் வீட்டுக்காரர் எனக்கு விளக்கிச் சொன்னபோது நான் நான்கு கொட்டைகளையும் ஏற்கெனவே ஊன்றியிருந்தேன்.

ஒன்றைப் பக்கத்து வீட்டு ஆடு தின்றது. ஒன்று மழையில் அழுகிப்போனது. மூன்றாவதை என் வீட்டுக்காரர் மிதித்தார். வேண்டுமென்றே மிதித்தாரா என்று கேட்டதற்கு இருட்டில் தெரியவில்லை என்றார். மத்தியானத்தில் என்ன இருட்டு என்று நானும் கேட்டேன். மிஞ்சிய நாலாவதை அவர் தொடவில்லை. அதைத் தொட்டால் இராத்திரிச் சோறு கிடைக்காது என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

அந்த ஒற்றைக் கன்றுக்கு நான் செய்ததைப் பிற்பாடு பிறந்த என் பிள்ளைகளுக்குச் செய்தேனா என்று எனக்குச் சந்தேகம்தான். முதலில் உடைந்த பானை ஓடுகளைப் போட்டு முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டினேன். வாய்க்காலில் தூர் வாரும்போது கரையில் கொட்டும் வண்டலைக் காயவைத்துக் கூடை கூடையாக அணைத்தேன். அடுப்புச் சாம்பல் எல்லாம் அதற்குத்தான். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கியதும் மண்வெட்டியை எடுத்து வடிகால் வெட்டினேன். வடிந்த தண்ணீர் பக்கத்து வீட்டுக் கொல்லைக்குப் போனது. அந்தச் சண்டை தை மாதம் வரை ஓடியது. நாகப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வந்து மீன் விற்கும் அக்கா ஒருத்தி, மீன் கழுவின தண்ணியை ஊத்து, சும்மா தளதளன்னு வரும் என்றாள். ஊற்றினேன். கன்று வந்ததோ இல்லையோ, ஊரிலிருந்த பூனையெல்லாம் வந்துவிட்டது.

இப்போது காரியக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய வீட்டு நிலத்தையும் ஆட்களையும் மேற்பார்க்கிறவரை இங்கே காரியக்காரர் என்போம். ஒல்லியான மனிதர். சைக்கிள், கையில் குடை, காதில் பென்சில். கூலி நெல் அளக்கும்போது மரக்காலின் மேல் குவிந்து நிற்பதைக் கையால் ஒரேயடியாக வழித்துவிடுவார். "ஐயா, கை வலிக்கப் போவுது, மெதுவா வழிங்க" என்று நான் சொல்வேன். "வாய்க் கொழுப்பு புள்ள ஒனக்கு" என்பார். எங்கள் இருவருக்கும் அதுதான் பேச்சு. மாதம் ஒருமுறை ஏழு வீட்டுக் கொல்லையையும் சுற்றிப் பார்த்து, கட்டளைக்கு மீறி ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவர் வேலை.

அவருக்காகக் கன்றைச் சுற்றி ஒரு புடலைப் பந்தல் போட்டேன். கொடியை எடுத்துக் கன்றின் மேலேயே படரவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் புடலை இலைதான் தெரியும். அவர் வரும்போதெல்லாம் இரண்டு பிஞ்சைப் பறித்து, "வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க ஐயா" என்று நீட்டுவேன். காயைப் பார்த்த கண் கன்றைப் பார்க்கவில்லை. இப்படி மூன்று வருஷம் ஓடியது. பிறகு பலா பந்தலுக்கு மேலே தலையை நீட்டிவிட்டது. அதற்கு என்ன அவசரமோ.

அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"இது பலா."

"ஆமாங்க ஐயா. ஆட்டுத் தழைக்கு வச்சிருக்கேன்."

"ஆடு எங்க?"

"இனிமேதாங்க வாங்கணும்."

அவருக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. "பெரியவருக்குத் தெரிஞ்சா என் தலை உருளும்" என்றார். "அப்ப சொல்லாதீங்க" என்றேன். குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். நான் இரண்டு நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை.

பெரியவருக்கு, அதாவது மிராசுதாருக்கு, அப்போது பலா மரத்தைப் பார்க்க நேரமில்லை என்பதும் ஒரு காரணம். நில உச்சவரம்புச் சட்டம் வந்திருந்தது. ஒருவர் பேரில் இவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்றதும் பெரிய வீட்டு நிலமெல்லாம் மச்சான் பேருக்கும், மருமகன் பேருக்கும், சமையல்காரர் பேருக்கும் பிரிந்து போனது. காரியக்காரர் பேரிலும் கொஞ்சம் எழுதினார்கள். காகிதத்தில் அவரும் நிலக்காரர். உண்மையில் பெரிய வீட்டுக்குப் பின்னால், நெல் கொட்டி வைக்கும் பத்தாயத்தை ஒட்டிய ஒரு அறையில் அவரும் மனைவியும் இருந்தார்கள். அந்த அறையும் பெரிய வீட்டுக்காரருடையது. அவர் சைக்கிளில் வரும்போது நான் வேண்டுமென்றே "மிராசுதாரய்யா வர்றாங்க, வழி விடுங்க" என்பேன். அவர் காதில் விழாத மாதிரி போவார். இன்று நினைத்தால் அதை இத்தனை முறை சொல்லியிருக்க வேண்டாம்.

மரம் வளர்ந்தது. கூரையைத் தாண்டியது. தொடைப் பருமனானது. காய்க்கத்தான் இல்லை. நான் இரண்டு பெற்றேன், அது ஒன்றுகூடப் பெறவில்லை. மாமியார் தினமும் காலையில் எழுந்ததும் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்ப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த மௌனத்துக்குப் பதிலாக நான் எவ்வளவு வசவு வேண்டுமானாலும் வாங்கியிருப்பேன்.

தெரிந்த வைத்தியமெல்லாம் செய்து பார்த்தேன். அடிமரத்தில் ஆணி அடித்தேன். கண்பட்டிருக்கும் என்று துடைப்பமும் பிய்ந்த செருப்பும் கட்டினேன். கிரகணத்தன்று உலக்கையால் நாலு போடு போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மிஞ்சியது மிரட்டுவதுதான்.

காய்க்காத மரத்தை மிரட்டுவது என் பிறந்த ஊரிலும் உண்டு, இங்கேயும் உண்டு. மாட்டுப் பொங்கலன்று ஒருவர் அரிவாளை ஓங்கிக்கொண்டு, "இந்த வருஷமும் காய்க்கலைன்னா ஒன்னை வெட்டி அடுப்புல வச்சிருவேன்" என்று மரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்னொருவர் குறுக்கே வந்து, "வெட்டாதீங்க, வர்ற வருஷம் காய்க்கும், நான் ஜாமீன்" என்று சொல்ல வேண்டும். மரம் பயந்து, ஜாமீன் நின்றவர் மானத்தைக் காப்பாற்றக் காய்க்கும். ஜாமீன் சொல்ல ஆள் வராமல் ஓங்கிய அரிவாளை இறக்கக்கூடாது. இறக்கினால் மரத்துக்குப் பயம் விட்டுப்போகும், பிறகு எந்தக் காலத்திலும் காய்க்காது. அதேபோல, பழமரத்தின் மேல் ஓங்கிய அரிவாளைப் பார்த்தும் பேசாமல் போகிறவர் பிள்ளைகளை அந்தப் பாவம் பிடிக்கும் என்பார்கள்.

என் வீட்டுக்காரர்தான் ஜாமீன் நிற்பதாக ஏற்பாடு. நான் தலைக்குக் குளித்து, மரத்துக்கு மஞ்சள் தடவி, அரிவாளை ஓங்கி, சொல்ல வேண்டியதைத் தெருவே கேட்கிற மாதிரி சொன்னேன். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். பெரிய வீட்டு மாட்டைக் குளிப்பாட்டக் கூப்பிட்டார்கள் என்று நடுவிலேயே போய்விட்டிருந்தார். என்னிடம் சொல்லப் பயந்துகொண்டு சொல்லாமல் போயிருக்கிறார். கையை இறக்க முடியவில்லை. மாமியாரைப் பார்த்தேன்.

"அத்தை, நீங்களாச்சும் ஜாமீன் சொல்லுங்க."

"நான் எதுக்குச் சொல்லணும்? எனக்குத்தான் சுளை கெடையாதே" என்றார். ஏழு வருஷமாக அந்த வார்த்தையை வைத்துக் காத்திருந்திருக்கிறார்.

தெருவில் மற்றவர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வடிகால் சண்டைக்காரி வாயே திறக்கவில்லை. தோள்பட்டை விட்டுப்போகிற மாதிரி வலித்தது. அந்த நேரத்தில் வாய்க்கால் கரையில் காரியக்காரர் சைக்கிளில் வந்தார். என் கையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டார். அப்படியே மிதித்துப் போய்விடலாமா என்று முன்னால் பார்த்தார். அவருக்குத் தஞ்சாவூரில் கட்டிக்கொடுத்த ஒரே மகள். பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றினார்.

"வெட்டாதே புள்ள. வர்ற வருஷம் காய்க்கும். நான் ஜாமீன்" என்று யாரோ கழுத்தைப் பிடித்துச் சொல்லவைத்த மாதிரி சொல்லிவிட்டு, "சீக்கிரம் வேலைக்கு வந்து சேருங்க" என்று அதட்டலையும் சேர்த்துப் போட்டுவிட்டுப் போனார். எங்கள் கொல்லையில் மரம் இருக்கக்கூடாது என்று பார்க்க வருகிறவரே மரத்துக்கு ஜாமீன் நின்றார். தெரு சிரித்த சிரிப்பு அடங்க ஒரு வாரமானது.

மரம் அவர் மானத்தைக் காப்பாற்றவில்லை. அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு நான் என் வீட்டுக்காரரை நம்பவில்லை. கரையில் சைக்கிள் தெரிகிற வரைக்கும் காத்திருந்து, சரியாக அப்போதுதான் அரிவாளை ஓங்கினேன். "ஏன் புள்ள, ஒனக்கு வேற நேரமே கெடைக்கலையா?" என்றார். ஆனாலும் சொன்னார்.

அந்தப் பொங்கல் போய்ச் சித்திரை பிறந்த பிறகுதான் விஷயம் விளையாட்டாக இல்லாமல் போனது. குடியிருக்கிறவருக்கே மனை சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. அந்தச் சட்டத்தில் ஒரு தேதி. அன்றைக்கு யார் மனையில் குடியிருந்தார்களோ அவர்களுக்குப் பட்டா. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஆளுங்கட்சிக் கொடி, அடுத்த வீட்டில் செங்கொடி. நாங்கதான் கொண்டாந்தோம் என்று இவர்களும், நாங்க போராடினதாலதான் கொண்டாந்தீங்க என்று அவர்களும் டீக்கடையில் கட்டிப்பிடித்து உருண்டார்கள். பட்டா வந்த பிறகு உருளுங்கள் என்று நான் தண்ணீரைக் கொட்டிப் பிரித்துவிட்டேன்.

பட்டா சும்மா வருமா? பெரிய வீட்டிலிருந்து ஆட்சேபம் போனது. இந்த ஏழு பேரும் அங்கே அந்தத் தேதிக்கு அப்புறம், போன வருஷம் அறுப்புக்குப் பிறகுதான் வந்தார்கள், அதற்கு முன் அது நெல் அடிக்கிற களம், குடிசையும் கிடையாது ஒன்றும் கிடையாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். எங்களிடம் காட்ட ஒரு காகிதம் இல்லை. வாக்காளர் பட்டியலில் ஊர் பேர் இருந்தது, இந்த மேடு என்று இல்லை. விசாரணையில் தோற்றால் ஏழு வீட்டையும் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். எங்கே போவது? என் மூன்றாவது பிள்ளைக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை. சொல்லப்போனால் அந்த மாதத்தில்தான் எனக்கு வாயே அடங்கியிருந்தது. மாமியாரே பயந்துபோய், "ஏண்டி, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

விசாரணைக்குத் தாலுகா ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். கூட ஒரு குமாஸ்தா. நாற்காலி போட எங்கள் தெருவில் நிழல் என்று இருந்தது என் மரத்தடி ஒன்றுதான். அங்கேயே போட்டார்கள். பெரிய வீட்டிலிருந்து பெரியவரின் மகன், நாங்கள் சின்னவர் என்போம், வந்து நின்றார். அவருக்குப் பின்னால் காரியக்காரர். அவர்தான் சாட்சி.

எழுதிக் கொடுத்ததை அவர் மனப்பாடமாக ஒப்பித்தார். "போன வருஷ அறுப்பு வரைக்கும் இது களந்தாங்க. அப்புறந்தான் இவங்க வந்து குடிசை போட்டாங்க." தடுமாற்றமே இல்லை. பெரிய வீட்டுக்காகக் கோர்ட்டுப் படி ஏறிப் பொய் சொல்லிப் பழகிய வாய்.

அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தார். "களத்துல இவ்வளவு பெரிய பலா மரம் எப்படி வந்துச்சு?"

சின்னவர் முந்திக்கொண்டார். "போன வருஷம் இவங்க வச்சதுதான் சார். உரம் போட்டா சீக்கிரம் வந்துரும்."

தெருவில் நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிப்புச் சாட்சியாகாது. குமாஸ்தாதான் யோசனை சொன்னார். மரத்தை வெட்டினால் உள்ளே வளையம் வளையமாக இருக்கும், எண்ணிப் பார்த்தால் எத்தனை வயது என்று தெரிந்துவிடும் என்றார். பலாவில் அது சரியாகத் தெரியுமா தெரியாதா என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. வேறு வழியும் தெரியவில்லை. அதிகாரி என்னைப் பார்த்தார்.

"மரம் ஒன்னோடதாம்மா? வெட்டலாமா?"

ஒன்பது வருஷம். ஆனால் ஏழு வீடு. யோசிக்க என்ன இருக்கிறது? "வெட்டலாங்க. ஆனா நான்தான் வெட்டுவேன்" என்றேன். வேறொருவர் கை அதன் மேல் படுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உள்ளே போய் விறகு பிளக்கும் கோடாலியை எடுத்து வந்தேன். மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அந்த மரத்துக்காக அவரும் அழுவார் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

கோடாலியை ஓங்கினேன். ஓங்கிய கை ஒரு நொடி நின்றது. நீ நடித்தாய், வேண்டுமென்றேதான் நிறுத்தினாய் என்று என் வீட்டுக்காரர் இன்றுவரை சொல்கிறார். நான் நடிக்கவில்லை. எங்கே வெட்டினால் அதற்கு வலி தெரியாமல் ஒரே வெட்டில் போகும் என்று பார்த்தேன். அவ்வளவுதான்.

"வெட்டாதே புள்ள" என்றது ஒரு குரல். "வர்ற வருஷம் காய்க்கும். நான் ஜாமீன்."

சொன்னவர் காரியக்காரர். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே காதில் விழுந்தது. ஓங்கிய கையைப் பார்த்ததும் பழக்கத்தில் வாய் திறந்துகொண்டது. என் கோடாலி தானாகக் கீழே இறங்கியது. முதலில் சிரித்தது வடிகால் சண்டைக்காரி. பிறகு தெருவே சிரித்தது. அதிகாரியும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்; அவர் ஊரிலும் இந்த வழக்கம் இருந்திருக்க வேண்டும்.

"எத்தனை வருஷமா ஐயா ஜாமீன் நிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"இதோட மூணாவது வருஷங்க" என்றார் காரியக்காரர். அதுவும் வந்துவிட்டது.

சின்னவர் முகம் செத்துப்போனது. அதிகாரி சிரிப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "போன வருஷம் வச்ச மரத்துக்கு மூணு வருஷமா எப்படி ஜாமீன் நின்னீங்க?" குமாஸ்தாவின் பேனா காகிதத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. அதிகாரி நல்ல மனிதர், அல்லது எதற்கும் பழுதில்லாமல் வேலை முடிக்க நினைக்கிறவர். காரியக்காரரைப் பார்த்து, "வாய் தவறிச் சொன்னதுன்னா சொல்லுங்க. எழுதல. சொன்னது நெசம்னா எழுதிக்கிறேன், கையெழுத்துப் போடணும்" என்றார்.

அவ்வளவு எளிது. வாய் தவறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எங்களிடம் வேறு சாட்சி கிடையாது. அவரோ சாட்சி சொன்ன கையோடு பத்தாயத்து அறைக்குத் திரும்பிப் போக வேண்டும். சின்னவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். காரியக்காரர் மரத்தைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மனிதர்களைப் பற்றி எத்தனையோ பொய் சொன்னவர். ஆனால் மரத்துக்கு ஜாமீன் நின்றதை இல்லையென்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

"நெசந்தாங்க. எழுதிக்குங்க."

"பென்சில் ஆகாது" என்று குமாஸ்தா பேனாவைக் கொடுத்தார்.

அவர் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் சின்னவர் காரில் ஏறிப் போய்விட்டார். தெருவில் ஒரே கூச்சல். என் வீட்டுக்காரர் யாரையோ தூக்கிக்கொண்டு ஆடினார். அந்த ஆள் செங்கொடியா கட்சிக் கொடியா என்றுகூடப் பார்க்கவில்லை. பட்டா கைக்கு வர அதற்கப்புறம் பல மாதம் ஆனது. மரம் அந்த வருஷமும் காய்க்கவில்லை. அதற்கடுத்த வருஷம்தான் அடிமரத்தில் இரண்டு பிஞ்சு விட்டது. முதல் பழத்தின் முதல் சுளையை மாமியாருக்குத்தான் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லாமல் பதினோரு சுளை தின்றார்.

ஆனால் என் மனதில் நிற்பது அந்த விசாரணை நாளின் கடைசிக் கொஞ்ச நேரம்தான். ஜீப் போன பிறகு கூட்டம் தெருமுனைக்குப் போய்விட்டது. காரியக்காரர் மட்டும் கொல்லையோரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் நிற்பது எனக்குப் புரிந்தது.

"எங்க போவீங்க ஐயா?" என்றேன்.

"மக வீட்டுக்குத்தான். அறையில இருக்குற பெட்டிய மட்டும் எடுக்க விடுவாங்களான்னு பாக்கணும்." உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டார். "கொஞ்சம் தண்ணி இருந்தா கொடும்மா."

ஒன்பது வருஷத்தில் அவர் என்னை அம்மா என்று சொன்னதில்லை. எங்கள் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடித்ததும் இல்லை. வெயிலில் நாக்கு ஒட்டிக்கொள்ள நின்று நெல் அளப்பார். தாகம் எடுத்தால் வாய்க்காலைத் தாண்டிப் பெரிய வீட்டுக் கிணற்றுக்குப் போய்த்தான் குடித்துவிட்டு வருவார். ஏன் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வேலை போன பிறகுதான் எங்கள் தண்ணீர் இறங்குமா என்று கேட்க எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு சொம்பில் மொண்டு வந்து கொடுத்தேன்.

அண்ணாந்து குடிப்பார் என்று நினைத்தேன். வாய் வைத்தே குடித்தார். ஒரு சொம்பு முழுவதையும் நின்ற நிலையிலேயே குடித்துவிட்டு, சொம்பைக் கழுவிக் கொடுக்க வாய்க்கால் பக்கம் நடந்தார்.

"குடுங்க ஐயா" என்று கையை நீட்டினேன். "எங்க வீட்டுச் சொம்பை நாங்க கழுவிக்குவோம்."

எங்க வீடு என்ற வார்த்தை வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. அவர் சொம்பைக் கொடுத்துவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். நான் அதைக் கழுவாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, மரத்தடியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.